அவசரமில்லாத குரல்

பாறசாலை பொன்னம்மாளின் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டால் முதலில் ஈர்ப்பது குரலின் இனிமை அல்ல, நிதானம். சௌக்க காலத்தில் ஒரு கிருதியை எடுக்கிறார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போக அவருக்கு எந்த அவசரமும் இல்லை. கமகம் முழுதாக அசைந்து அடங்கிய பிறகே அடுத்த அடி. துரிதமாகப் பாடும்போது மறைந்துவிடும் சிறு பிசகுகளுக்கு இங்கே ஒளிய இடம் கிடையாது. மூச்சு, சுருதி, சாகித்யம் எல்லாம் வெட்டவெளிச்சத்தில் நிற்கின்றன. சபாக்களில் கைதட்டல் வாங்குவது ஸ்வரப் பொழிவு. கண் கலங்க வைப்பது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்கள்தான்.

78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இடம். அதற்குள் அடங்குவதற்காகவே பல கிருதிகள் ஓட்டமாய் ஓடின. அந்த ஓட்டமே சங்கீதம் என்று ரசிகர்கள் பழகிப்போனதில் தட்டுகளுக்கும் பங்குண்டு. 1924ல் பிறந்த பொன்னம்மாள் அந்தத் தட்டுகளின் காலத்தில் வளர்ந்தும் ஓடக் கற்றுக்கொள்ளவில்லை.

பாறசாலை, கேரளத்தின் தென்கோடி. 1956ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது களியக்காவிளையில் எல்லை விழுந்தது; தமிழும் மலையாளமும் அதைப் பொருட்படுத்தாமல் இன்றும் இரு பக்கமும் புழங்குகின்றன. பக்கத்து நெய்யாற்றின்கரை, வாசுதேவன் (1940-2008) என்ற பெரும் பாடகரைத் தந்தது. தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான பொன்னம்மாள், 1939ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சுவாதித் திருநாள் இசை அகாதெமியின் முதல் மாணவி. பிறகு அங்கேயே முதல் ஆசிரியை. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரிக்கு முதல் பெண் முதல்வர்.

ஆனால் ஒரு மேடை மட்டும் அவருக்கு மூடியே இருந்தது. கம்பர் வழிபட்டதாக நம்பப்படும் சரஸ்வதி சிலை ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகக் கிளம்பும். களியக்காவிளையில் எல்லை தாண்டி, பாறசாலை வழியாக வந்து, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி, திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தை அடையும். ஒன்பது மாலைகளும் அதன் முன்னால் சுவாதித் திருநாளின் நவராத்திரி கிருதிகள், நாளுக்கு ஒன்றாக. பாடுவது ஆண்கள் மட்டும். கேட்பவள் கலைமகள்! பொன்னம்மாளிடம் படித்த மாணவன் அங்கே பாடத் தடையில்லை, அவர் பாடக்கூடாது. சொந்த ஊர்ச் சாலையில் போகும் தேவியை வணங்கிவிட்டு நிற்பதோடு சரி.

இளவரசர் ராமவர்மாவின் முயற்சியால் 2006ல் அந்த வழக்கம் உடைந்தது. 82 வயதை நெருங்கிக்கொண்டிருந்த பொன்னம்மாள் மண்டபத்தில் உட்கார்ந்து பாடினார். அந்த வயதிலும் சுருதி விலகவில்லை. சென்னை ரசிகர்கள் பலர் அவரைக் கண்டுகொண்டதே அதற்குப் பிறகுதான்.

இங்கே ஜாஸ் ரசிகர்களின் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வரும். பில்லி ஹாலிடே 1958ல் பதிவு செய்த 'லேடி இன் சாட்டின்' இசைத்தட்டில் அவர் குரல் கிழிந்துபோயிருக்கும். வயது 42தான். சிலரால் அதைக் கேட்கவே முடியாது. சிலருக்கு அதைவிட உயர்ந்தது கிடையாது. நெகிழ வைப்பது பாட்டா, அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார் என்ற தகவலா? பொன்னம்மாளைக் கேட்பவர்களிடமும் இதே கேள்வியைப் போடலாம். அறுபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர் என்று தெரிந்துகொண்டு கேட்டால் யாருக்குத்தான் தொண்டை அடைக்காது?

தகவலுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் அதுவே எல்லாம் அல்ல. ஹாலிடே தாளத்தின் மேல் விழுந்து பாடமாட்டார். ஒரு நூலிழை பின்தங்கியே வருவார். வார்த்தை வருமா வராதா என்று கேட்பவரின் மனம் அந்த இடைவெளியில் தவிக்கும். பொன்னம்மாளின் விளம்ப காலத்திலும் அந்தத் தவிப்பு உண்டு. தாளம் துளியும் பிசகாது. வழி மட்டும் வேறு. அவர் கதையை அறியாதவருக்கும் இது கேட்கும்.

பொன்னம்மாளுக்கு 2017ல் பத்மஸ்ரீ வந்தது. 2021 ஜூனில் காலமானார். அவர் பாடிய குருவாயூரப்பன் சுப்ரபாதம் மலையாளிகளுக்குப் பழகிய விடியற்காலைக் குரல். யார் பாடுவது என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியாதவர்களும் கூடவே முணுமுணுப்பார்கள்.