மூன்று சக்கரமும் இரண்டு உயிரும்

கிளிநொச்சிப் பகுதியிலிருந்து மாணவர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். மோட்டார்ச் சைக்கிளின் அருகில் ஒரு சக்கரத்தையும் பலகையையும் பூட்டி, ஒருவர் ஓட்ட மற்றவர் அந்தப் பலகையின்மேல் அங்குமிங்கும் பாய்ந்து நெளிந்து செல்லும் பந்தயத்தை அவர் படத்திற் கண்டாராம். "பக்கத்தில் இருப்பவர் எதற்காக? அவரை இறக்கிவிட்டால் பாரம் குறைந்து வண்டி இன்னும் விரைவாக ஓடாதா?" என்பது அவர் கேள்வி. கடிதத்தின் கடைசிப் பகுதியில் வேறொரு செய்தியும் இருக்கின்றது. அதைப் பின்னர் சொல்லுவோம்.

கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்த மனிதரை இறக்கிவிட்டுப் பந்தய வேகத்தில் ஓட்டினால், முதலாவது வளைவிலேயே வண்டி கவிழ்ந்துவிடும்.

வன்னி மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. வண்டிலில் நெல்மூட்டை ஏற்றும்போது, "முன்பாரமா பின்பாரமா எண்டு பாரடா" என்று அப்பு சத்தமிட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிற் பலர். முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் மிகுந்தால் துலா மேலே கிளம்பும். மூட்டை அதே மூட்டைதான். இருக்கும் இடம் ஒரு சாண் மாறினால் மாடு படும் பாடும் மாறிவிடுகின்றது. சவாரித் திடலில் வண்டிலில் நிற்பவரின் கால்கள் சும்மா நிற்பதில்லை என்பதையும் கண்டிருப்பீர்கள். சைட்கார் பந்தயத்தில் பக்கத்தில் இருப்பவர் அத்தகைய பாரந்தான். உயிருள்ள பாரம், வளைவுக்கு வளைவு தானே இடம் மாறும் பாரம்.

இரு சக்கர மோட்டார்ச் சைக்கிள் வளைவில் உட்புறமாகச் சாய்ந்து திரும்புகின்றது. பக்கத்தில் மூன்றாவது சக்கரத்தைப் பூட்டியதும் அந்தச் சாய்வு போய்விடுகின்றது. பலகை இடப்பக்கத்தில் இருக்கின்றதென வைத்துக்கொள்வோம். இடப்பக்க வளைவில் வேகமாகத் திரும்பினால் பலகைச் சக்கரம் நிலத்தைவிட்டு எழும்பப் பார்க்கும். அப்பொழுது துணையாள் தம் உடலை முழுவதும் வெளியே நீட்டி, தோள் தார்வீதியை உரசுமளவுக்குத் தொங்குவார். வலப்பக்க வளைவில் ஓட்டுநரின் முதுகுப்புறமாகத் தாவிப் பின்சக்கரத்தின்மேல் பாரத்தைப் போடுவார். நேர்வீதியிலோ காற்றுக்கு இடங்கொடாமல் தட்டையாகப் படுத்துவிடுவார். ஒரு சுற்றில் எத்தனை வளைவோ அத்தனை தாவல். கையெட்டும் பிடிகளைத் தவிர அவரைத் தாங்க வேறொன்றுமில்லை.

வண்டியின் சுபாவமும் சாதுவானதன்று. இயந்திரத்தின் விசை ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் இருப்பதால், வேகத்தைக் கூட்டினால் வண்டி பலகைப் பக்கமாக இழுக்கும். வேகத்தைத் திடீரெனக் குறைத்தால், பலகை முந்திச் செல்லப் பார்த்து வண்டியை மறுபக்கம் திருப்பும். ஆகவேதான் பந்தயத்திற்கு முன்னர் ஒத்திகை நாட்கள் அத்தனை முக்கியமாகின்றன. தொழிற்சாலை ஆதரவு இல்லாத அமெச்சூர் இணைகள் ஓடுதிடலில் சில மணி நேரத்தைப் பணங்கொடுத்து வாங்கி, அன்று முழுவதும் ஓடுவதும் நிறுத்துவதுமாக இருப்பார்கள். பலகைச் சக்கரம் சில மில்லிமீற்றர் உட்புறம் நோக்கி இருக்கவேண்டும். அந்த அளவு தவறினால் ரயர் தேயும், கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கும். ரயரின் காற்றழுத்தம், சங்கிலிப் பற்சக்கரத்தின் அளவு, அதிர்வுதாங்கியின் இறுக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒரு தடவையில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இரண்டை மாற்றிவிட்டு வண்டி நன்றாக ஓடினால், எதனால் நன்றாக ஓடியதென்பது யாருக்கும் தெரியாது. விஞ்ஞான ஆசிரியர்கள் பரிசோதனைச் சாலையில் சொல்லித் தருவதும் இதுவே. ஆனால் அங்கே தவறினால் மதிப்பெண் மட்டுமே போகும்.

இப்பந்தயத்திற்கு நீண்ட வரலாறுண்டு. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் தீவில் 1923ஆம் ஆண்டில் முதலாவது சைட்கார் பந்தயம் நடைபெற்றபோது பிரெடி டிக்சன் என்பவர் வென்றார். அவருடைய வண்டியின் பக்கப்பகுதி சாயக்கூடியது. அதைச் சாய்க்கும் நெம்புகோல் துணையாளின் கையில் இருந்தது. உலகப் போட்டி 1949இல் ஆரம்பமாயிற்று. அவ்வாண்டு எரிக் ஒலிவர் நோட்டன் வண்டியில் வென்றார். பலகையில் இருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர். இதே ஜென்கின்சன் 1955இல் இத்தாலியின் மில்லே மிலியா காரோட்டத்தில் ஸ்ரேர்லிங் மொஸ்ஸின் அருகில் அமர்ந்து, வீதியின் வளைவுகளையெல்லாம் முன்கூட்டியே எழுதிய நீண்ட காகிதச் சுருளை உருட்டியபடி, கைச் சைகையால் வழிகாட்டினார். சுமார் 1,000 மைல் தூரத்தைப் பத்து மணித்தியாலம் ஏழு நிமிடத்தில் ஓடி முடித்தார்கள். பக்கத்தில் இருப்பதும் ஒரு கலை என்பதை அறிந்த மனிதர்.

பெண்களும் இதில் இறங்கியிருக்கின்றார்கள். 1954இல் மான் தீவுப் பந்தயங்களில் முதன்முதலாகக் கலந்துகொண்ட பெண், ஜேர்மனியரான இங்கே ஸ்ரோல். அவரும் துணையாளாகவே வந்தார். நான்கு ஆண்டுகளின் பின், 1958இல், செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரப் பந்தயத்தில் அவரும் ஓட்டுநர் ஜாக் திரியோனும் ஒன்றாக மாண்டார்கள்.

எம் மனத்தை மிகவும் தொட்ட கதை ஹெல்முட் பாத் என்பவருடையது. 1960இல் பி.எம்.டபிள்யூ இயந்திரத்தில், அல்பிரட் வோல்கெமுத்தைத் துணையாகக் கொண்டு உலக வீரரானார். அடுத்த ஆண்டே நியூர்பர்க்ரிங் ஓடுதிடலில் விபத்து. வோல்கெமுத் இறந்தார், பாத் பலத்த காயங்களுடன் தப்பினார். பலர் அத்துடன் ஓய்ந்திருப்பார்கள். அவரோ ஊர்சன்பாக் என்ற தம் சிறு கிராமத்தில் இருந்துகொண்டு, நான்கு உருளை கொண்ட ஓர் இயந்திரத்தைச் சொந்தமாகச் செய்யத் தொடங்கினார். அதற்கு 'ஊர்ஸ்' என்று கிராமத்தின் பெயரையே சூட்டினார். பழுதானது, திருத்தினார், மீண்டும் பழுதானது, மீண்டும் திருத்தினார். 1968இல் அதே இயந்திரத்துடன், வொல்ப்காங் கலாவ் பக்கத்தில் இருக்க, மறுபடியும் உலக வீரரானார். 1954 முதல் 1967 வரை ஒவ்வோர் ஆண்டும் பி.எம்.டபிள்யூவில் ஓடியவர்களே பெற்ற பட்டத்தை ஒரு கிராமத்துப் பட்டறை பறித்துக்கொண்டது.

பட்டறை என்றதும் எம் நினைவு 1990களுக்குப் போகின்றது. பொருளாதாரத் தடையால் வன்னியில் பெற்றோல் கிடைக்காத காலம். எம் சித்தப்பா ஒரு பழைய ஹொண்டாவை மண்ணெண்ணெயில் ஓட்டினார். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சிறு பிளாஸ்டிக் போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குட் பீச்சி உதைப்பார். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ளும். வீதி முழுவதும் வெண்புகை. பிளக்கில் கரி பிடிக்கும், கழற்றித் துடைப்பார். இயந்திரத்தில் 'டக்கு டக்கு' என்று தட்டுங் கேட்டால், அழுத்தத்தைக் குறைக்கத் தலைப்பகுதியில் இன்னொரு கஸ்கெற் தகட்டை வைப்பார். அவர் ஒரு நாளும் ஓடுதிடலைக் கண்டவரல்லர். ஆனால் ஒரு தடவையில் ஒன்றைத்தான் மாற்றுவார். அந்தச் சைக்கிளின் பின்னிருக்கையில் காய்ச்சற்காரரையும் பிள்ளைப்பேற்றுக்குரிய பெண்ணையும் ஏற்றிச் சென்றதால், இடைவழியில் நின்றுவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு எப்பொழுதும் இருந்தது.

இனி, மாணவரின் கடிதத்திற் சொல்லாமல் விட்ட பகுதி. அவரும் தம்பியும் ஒரு பழைய மோட்டார்ச் சைக்கிளுக்கு இரும்புச் சட்டமும் சக்கரமும் ஒட்டிவிட்டார்களாம். இருவருக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் உண்டாம். அடுத்த விடுமுறையில் கண்டி வீதியில், தாம் ஓட்ட, தம்பியைப் பலகையில் ஏற்றி "ஒரு கை பார்க்க"ப் போகின்றார்களாம்.

தம்பி, வீதியில் வேண்டாம். அது லொறியும் பஸ்ஸும் பள்ளிப் பிள்ளைகளும் செல்லும் வீதி. இவ்வாறு மாற்றியமைத்த வண்டிக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். ஒழுங்கு செய்யப்பட்ட ஓட்டத்திலேயே தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21ஆந் திகதி ஒரு கார் பாதையை விட்டு விலகி, பார்த்து நின்றவர்களுக்குட் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். 2022இல் மான் தீவில், தந்தை ஓட்ட மகன் துணையிருந்த இணையொன்று ஒரே விபத்தில் மாண்டது.

அதே தீவில் 2023இல் பேர்ச்சல் சகோதரர்கள் ஏறக்குறைய 60 கிலோமீற்றர் கொண்ட ஒரு சுற்றை 19 நிமிடத்திற்குள் முடித்து, சராசரி மணிக்கு 120 மைல் வேகத்தை முதன்முதலாகக் கடந்தார்கள். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு வரும் தூரத்தில் முக்கால் பங்கு என்று கொள்ளலாம். மூத்தவர் பென் ஓட்டினார். இளையவர் டொம் பலகையில் இருந்தார். பல ஆண்டுகள் சேர்ந்து பழகிய இணை அது. ஒரு விடுமுறையில் வந்த வித்தையன்று.

செய்தே தீருவதென்றால், அறுவடை முடிந்து காய்ந்த சொந்த வயலில் செய்யுங்கள். ஒட்டு வேலையை அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் மறைப்பு வையுங்கள். இருவரும் தலைக்கவசமும் தடித்த உடையும் அணியுங்கள். முதலில் நடை வேகம். பார்க்க வரும் சிறுவர்கள் வரம்புக்கு அப்பால் நிற்கட்டும்.

இன்னுமொன்று. முதல் நாள் திறப்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பலகையில் நீங்கள் ஏறுங்கள். இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு. பிறகு எமக்கு எழுதுங்கள்.