80 வயதில் புதுப் பாட்டு!

வீட்டுப் பெரியவர்களிடம் "வயசாச்சு, சும்மா உட்காருங்க" என்கிறோம். மிக் ஜாகரிடம் சொல்லிப் பாருங்கள்!

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் பாடகர். 2019-ல் இதய வால்வு சிகிச்சை செய்துகொண்டவர். 2024-ல், 80 வயதில், அமெரிக்கா, கனடா ஸ்டேடியங்களில் ஓடி ஆடிப் பாடினார். 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்துக்கான டூர் அது. 18 ஆண்டுகளுக்குப் பிறகு பெரும்பாலும் புதுப் பாடல்களோடு வந்த ஆல்பம். 2021-ல் மறைந்த டிரம்மர் சார்லி வாட்ஸின் வாசிப்பும் அதில் 2 பாடல்களில் உண்டு. டூருக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? 50 வயதைக் கடந்தவர்களுக்கான ஓர் அமெரிக்க அமைப்பு!

பழைய ஹிட்களை மட்டுமே பாடியிருந்தாலும் கூட்டம் வந்திருக்கும். ஆனாலும், புதுசையும் மேடையேற்றினார். உங்கள் தாத்தா புதுசா ஏதாவது கத்துக்கணும் என்றால், "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்காதீர்கள்!