'பிரச்னை இருக்கா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும்: சிறுநீர்க் கசிவை எப்படிக் கணக்கெடுப்பது?

பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகும் பெண்களில், காலையில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு கிளம்புபவர்கள் உண்டு. ரயிலில் கழிப்பறை கிடையாது என்பது ஒரு காரணம். வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் சிலருக்கு இருக்கலாம்: இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது.

சர்வே எடுக்க வருபவர், "சிறுநீர்ப் பிரச்னை ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிடுவார்கள். 'ரெண்டு குழந்தை பெத்தா இதெல்லாம் சகஜம்தானே' என்ற நினைப்பு. "இருமும்போது கசியுதா?" என்று கேட்டால் பதில் மாறலாம்.

எப்படி அளக்கிறார்கள்?

ஒன்று, பேட் சோதனை. எடை பார்த்த பேடை அணிந்து, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரத்துக்குள் நடப்பது, படியேறுவது, இருமுவது என்று செய்ய வேண்டும். பிறகு பேடை மறுபடி எடை போடுவார்கள். ஒரு கிராம் கூடினால் ஏறத்தாழ ஒரு மில்லி கசிவு.

இன்னொன்று, ஐசிஐக்யூ என்ற கேள்வித்தாள். கடந்த நான்கு வாரங்களில் எத்தனை முறை கசிந்தது (0-5), எவ்வளவு கசிந்தது (0-6), அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது (0-10) என மொத்தம் 21 மதிப்பெண். எப்போது கசிகிறது என்றும் கேட்பார்கள். அதற்கு மதிப்பெண் இல்லை.

தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு கேள்விகளில் மதிப்பெண் குறைவாகத்தான் வரும். அவருடைய கஷ்டம் தெரிவது மூன்றாவது கேள்வியில்தான்.

இந்தியாவில் எத்தனை பேர்?

2013-ல் வெளியான லக்னோ ஆய்வில், 3,000 பெண்களில் 21.8 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது. ஆனால், அது மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் எடுத்த கணக்கு. வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அதில் இல்லை. அந்தச் சதவீதத்தை அப்படியே பட்டாபிராமுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

என்ன செய்யலாம்?

இருமும்போது வரும் கசிவுக்கு முதல் சிகிச்சையே இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான். முறையாகக் கற்றுக்கொண்டு குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும், மாத்திரை தேவையில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஏற்கெனவே வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்க்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்த மூன்று கேள்விகளையும் அரசு சேர்க்க வேண்டும். கேட்பவர் பெண்ணாக இருப்பது நல்லது. கணவரோ மாமியாரோ பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் 'ஒண்ணுமில்லீங்க'தான்.

யாரும் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது நீங்களே சொல்லலாம். சிறுநீரில் ரத்தமோ வலியோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.