தனியா ஜெயிக்க முடியாது, தாமஸ்!

மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கீழடி. அங்கே மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்தவற்றில் வட்டச் சில்லுகளும் உண்டு. உடைந்த பானை ஓடுகளை வட்டமாகத் தேய்த்துச் செய்தவை. நம் பிள்ளைகள் பாண்டி ஆட எடுக்கும் அதே மாதிரி சில்லு! தரையில் நாலு கோடு, கையில் ஒரு சில்லு, ஒற்றைக் காலில் ஒரு தாவல். வேறெதுவும் வேண்டாம்.

அதே சிக்கனத்தில் உருவான வீடியோ கேம்தான், 'தாமஸ் வாஸ் அலோன்'.

இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் பித்தெல், கேம் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தபோது, 2010-ல் வெறும் 24 மணி நேரத்தில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். முழு கேம் 2012-ல் வந்தது. ஹீரோ? ஒரு சிவப்புச் செவ்வகம். கண், மூக்கு, கை, கால் எதுவும் கிடையாது. பெயர் தாமஸ். இடது, வலது, தாவல். இவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

போகப் போக நண்பர்கள் சேர்கிறார்கள். ஆரஞ்சு நிறக் குட்டிச் சதுரம் கிறிஸ். உயரமாகத் தாவ முடியாத சிடுமூஞ்சி. மஞ்சள் நிற ஜான், நெட்டைக் கொக்கு. ஒரே தாவலில் உச்சிக்குப் போய்விடுவான், அந்தப் பெருமையும் உண்டு. நீல நிற கிளேர் ஒருத்திதான் தண்ணீரில் மிதப்பாள்; மற்றவர்கள் விழுந்தால் அந்த இடத்தை மறுபடி ஆட வேண்டியதுதான்.

எல்லாரும் அவரவர் வாசலில் போய் நின்றால்தான் அடுத்த நிலை திறக்கும். ஜான் மட்டும் முதலில் ஓடிப்போய்ப் பிரயோஜனம் இல்லை. அவன் திரும்பி வந்து, கிறிஸ் ஏறிப்போகப் படிக்கட்டாக நிற்க வேண்டும். ஆனால், ஜான் நுழைய முடியாத சந்துக்குள் கிறிஸ்தான் போயாக வேண்டும். யாரை எங்கே நிறுத்துவது என்று யோசிப்பதுதான் புதிர். இப்படி 100 நிலைகள்.

இவர்கள் மனதில் ஓடுவதையெல்லாம் ஒரு குரல் கதையாகச் சொல்லிக்கொண்டே வரும். குரல் கொடுத்த டேனி வாலஸுக்கு 2013-ல் பாஃப்டா விருது கிடைத்தது. வெறும் கட்டங்களுக்காக நாம் கவலைப்படுவது அந்தக் குரலால்தான்.

ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்களின் செய்திகளைப் படித்த பெற்றோருக்கு, 'கேம்' என்றாலே அடிவயிறு கலங்குகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால், எல்லா கேமையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். பிள்ளையின் போனை வாங்கி மூன்றே விஷயம் பாருங்கள். இந்த கேமுக்கு முடிவு உண்டா? நடுவில் காசு கேட்கிறதா? ஒருநாள் ஆடாவிட்டால் 'வா, வா' என்று கூப்பிடுகிறதா?

தாமஸ் இந்தப் பரீட்சையில் பாஸ். ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். நான்கைந்து மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். கம்ப்யூட்டரிலும் நின்டெண்டோ ஸ்விட்சிலும் ஆடலாம். குரல் ஆங்கிலத்தில் இருப்பதால், சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.

அதுவும் நல்லதுதானே! இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஜானை நகர்த்துங்கள், பிள்ளை கிறிஸை நகர்த்தட்டும்.