விடுமுறையா, அடைப்பா?

நாளை பள்ளி இல்லை என்ற செய்தி குழந்தைக்கு மகிழ்ச்சியாகவும் பெற்றோருக்குக் கணக்காகவும் வந்து சேர்கிறது. யார் வேலைக்குச் செல்லாமல் இருப்பது, பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது, கையில் எவ்வளவு இருக்கிறது? இவை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் இவற்றுக்கு விடை சொல்லும் பொறுப்பு நகரத்துக்கும் உண்டு. தலைநகர் தில்லியின் விடுமுறை நாள்களைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும்.

முனிர்காவில் ஓரறை வீட்டில் வசிக்கும் தாய் ஒருவர், ஏழு வயது மகளோடும் நான்கு வயது மகனோடும் விடுமுறை நாளொன்றில் வெளியே கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். சிறுவர்க்கு உகந்த இடங்களுக்குத் தில்லியில் குறைவில்லை. சாணக்கியபுரியில் 1977இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது; பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள நீராவி ரயிலை அங்கே காணலாம். கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் 1965இல் நிறுவிய பன்னாட்டுப் பொம்மைகள் அருங்காட்சியகம் பகதூர் ஷா சஃபர் சாலையில் இருக்கிறது. புராணா கிலாவை ஒட்டி விலங்கியல் பூங்கா இருக்கிறது. ஆனால் விடுமுறை திங்கட்கிழமையில் வந்தால் முதலிரண்டும் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமையில் வந்தால் விலங்கியல் பூங்கா மூடியிருக்கும். ஊழியர்களின் வார ஓய்வு நியாயமானது, அதில் கைவைக்கலாகாது. ஆயினும் பள்ளி நாட்காட்டியும் அருங்காட்சியக நாட்காட்டியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை என்பதும் உண்மை.

எஞ்சுவன இரண்டு. ஒன்று, மால். குளிர்ச்சியும் கழிப்பறையும் நடக்கத் தளமும் அங்கே உண்டு; ஆனால் எதையும் வாங்காமல் இரண்டு பிள்ளைகளுடன் அரை நாளைக் கழிப்பது எளிதன்று. மற்றொன்று, நுழைவுக் கட்டணம் இல்லாத லோதி தோட்டம். பழைய கல்லறைகளின் நிழலில், புல்தரையில், அணில் துரத்தியே பிள்ளைகள் ஒரு காலைப் பொழுதைக் கழித்துவிடுவார்கள். சிறு குழந்தைகளுக்குப் பெரிய கேளிக்கைகள் தேவையில்லை என்பதற்கு அந்தத் தோட்டமே சான்று. இறங்கி நடக்கும் தூரத்தில் பேருந்து நிறுத்தம், குடிநீர், தூய கழிப்பறை, நிழல், பெரியவர் உட்கார ஒரு பெஞ்சு. இவ்வளவே தேவை.

எனினும் தில்லியின் விடுமுறைகள் எல்லாம் ஒரே வகையினவல்ல. தீபாவளிக்கும் ஈத் பெருநாளுக்கும் பள்ளி மூடுவது விடுமுறை. குடும்பம் அதை முன்கூட்டியே அறியும். சமையலும் உறவும் அந்த நாளை நிறைக்கும். 2023 செப்டம்பரில் ஜி-20 உச்சி மாநாட்டுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் காற்று மாசினால் குளிர்கால விடுமுறை முன்னதாகவே கொண்டுவரப்பட்டு, 9 முதல் 18 வரை பள்ளிகள் மூடிக்கிடந்தன. 2024 நவம்பரிலும் நேரடி வகுப்புகள் நிறுத்தப்பட்டன. இவற்றையும் விடுமுறை என்றே அழைப்பது சொற்பிழை. இவை அடைப்புகள். நகரம் தன் வசதிக்காகவோ தன் தவறினாலோ குழந்தையின் ஒரு நாளை எடுத்துக்கொள்கிறது.

மாசு நாளில் லோதி தோட்டமும் உதவாது. காற்றுத் தூய்மிப்பான் ஓடும் அறையுள்ள வீட்டுக் குழந்தைக்கு அடைப்பு ஒரு பாதுகாப்பு. முனிர்காவின் ஓரறை வீட்டிலோ உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஏறத்தாழ ஒரே காற்றுதான். தந்தை கட்டுமானத் தொழிலாளியாக இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டின் பெயரால் அவர் வேலையும் அதே நாள்களில் நின்றிருக்கும். பள்ளியை மூடியது தவறென்று வாதிடுவதற்கில்லை. நச்சுக் காற்றில் பிள்ளைகளை நடத்திச் செல்வதைவிட அது மேலானதே. மூடியதோடு கடமை முடிந்ததென்று கருதுவதே தவறு.

இதில் வயிற்றின் கணக்கும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு வேளை மதிய உணவை உரிமையாக்குகிறது. பள்ளி விடுமுறை நாள்களைத் தவிர. பண்டிகை நாளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அந்த விலக்கு, அடைப்பு நாளுக்கும் பொருந்திவிடுகிறது. தந்தையின் கூலி நிற்கும் நாளிலேயே குழந்தையின் தட்டும் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 என்று எண்ணிச் சொல்கிறது. இழந்த பாடத்துக்குக் கணக்கு உண்டு. இழந்த உணவுக்கும் விளையாட்டுக்கும் இல்லை.

ஓய்வும் விளையாட்டும் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா அதை ஏற்றது 1992இல். அந்த உரிமையை அருளுரையாக அல்லாமல் நிர்வாக ஏற்பாடாக வாசித்தால் செய்ய வேண்டியவை எளியவை. அருங்காட்சியகங்களின் வார ஓய்வு எல்லாம் ஒரே கிழமையில் குவியாமல் மாற்றி அமைக்கப்படலாம். அடைப்பு நாள்களில் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் சிறுவர்க்குக் கட்டணமின்றித் திறந்திருக்கலாம். காற்று கெட்ட நாள்களில் அக்கட்டடங்களில் சில அரங்குகளேனும் தூய காற்றுடன் இருக்க வேண்டும். மதிய உணவு பள்ளி வாசலிலோ அருகிலுள்ள அங்கன்வாடியிலோ கிடைக்கச் செய்யலாம்.

பள்ளிகளை மூடும் ஆணைகள் எது மூடப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்கின்றன. அடுத்த நவம்பரில் அப்படியோர் ஆணை வருமானால், அதில் இரண்டாவது பத்தி ஒன்றும் இருக்க வேண்டும். குழந்தைகளுக்காக இன்று எவை திறந்திருக்கும், மதியச் சோறு எங்கே கிடைக்கும் என்பதை அது சொல்ல வேண்டும்.