வண்டிதான் வீடு... யார் காவல்?

ஆடிப்பெருக்கு, வைகுண்ட ஏகாதசி என்றால் ஸ்ரீரங்கத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வேனிலோ கேரவனிலோ குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அதுதான் வீடு. நகை, பணம், மொபைல் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அம்மா மண்டபம் படித்துறைக்குக் குளிக்கப் போவார்கள்.

அலாரம் இருக்கிறதே என்ற தைரியம்! ஆனால், காருக்கான அலாரம் ஆள் தூங்கும் வண்டிக்கு அப்படியே ஒத்துவராது. அசைவைக் கண்டறியும் சென்சார், பாட்டி புரண்டு படுத்தாலும் அலறும். தொல்லை தாங்காமல் அணைத்துவிடுவார்கள். திருடனுக்கு அதுதான் வசதி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

* கதவு, ஜன்னல்களுக்குக் காந்த சென்சார். இரவில் அசைவு சென்சாரை மட்டும் அணைக்கும் வசதி.

* சைரனுக்குத் தனி பேட்டரி. வண்டி பேட்டரி வயரை வெட்டினாலும் அலறும்.

* கண்ணில் படாத இடத்தில் ஜி.பி.எஸ். டிராக்கர். 2019 ஜனவரி 1 முதல் பதிவான வாடகைப் பயணிகள் வேன்களுக்கு இது கட்டாயம். வேலை செய்கிறதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள்.

* மொபைலுக்குத் தகவல் வரும் வசதி. திருவிழா ஒலிபெருக்கிச் சத்தத்தில் சைரன் காதில் விழாது.

அந்த மொபைலையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டினால்? குடும்பத்தில் ஒருவர் அதோடு கரையில் உட்காரட்டும். முறை வைத்துக் குளிக்கலாம். காவிரி எங்கும் போய்விடாது!