கொத்து அரிசியும் காகித ரூபாவும்



மாதர் சங்கக் கூட்டமொன்றில் வயதுபோன அம்மா ஒருவர் என்னைக் கேட்டார்: "பிள்ளை, உதவிப்பணத்தைக் கூட்டியிருக்கு எண்டு சொல்லினம். எனக்கெண்டால் குறைஞ்ச மாதிரித்தான் கிடக்கு. என்ர கணக்குப் பிழையோ?"

பிழையில்லை அம்மா என்றேன். அரசாங்கம் எங்களுக்குத் தருவது கூடுகிறதா குறைகிறதா என்பதைக் கையில் வரும் ரூபாவை மட்டும் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் அம்மம்மாமார் கூப்பன் காலத்தவர்கள். உலகப்போர் நடந்த 1942இல் கூப்பன் அரிசி தொடங்கியது. 1953இல் அதன் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பின்பு 1966 இறுதியிலிருந்து ஆளுக்குக் கிழமைக்கு ஒரு கொத்து இலவசமாகவே கிடைத்தது. கடையில் அரிசி என்ன விலைக்கு விற்றாலும் கூப்பனுக்குக் கிடைப்பது கொத்துக் கணக்கில்தான்.

1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று கூப்பனைச் சுருக்கினார்கள். அடுத்த வருடம் அதற்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் கொத்துக் கணக்கு இல்லை, ரூபாக் கணக்குத்தான். சாமான் விலை ஏறியது, முத்திரையின் பெறுமதி நின்ற இடத்திலேயே நின்றது. 1970களின் நடுவில் நாட்டு வருமானத்தில் 5 சதவீதமளவு உணவு மானியத்துக்குப் போனது. 1980களின் நடுவில் அது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். வெட்டுகிறோம் என்று ஒருவரும் அறிவிக்கத் தேவையில்லாமல் விலைவாசியே வெட்டிக்கொண்டு போனது. ஹர்த்தாலுக்கு நாள் குறிக்கவும் வழியில்லை!

இடம்பெயர்ந்த எங்களுக்கு இது புதினமல்ல. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1260 ரூபா நிவாரணம் என்ற அந்த இலக்கம் எத்தனை வருடம் அசையாமல் கிடந்தது என்று முகாமில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1995இல் தொடங்கிய சமுர்த்தியும் போர் நடந்த பல இடங்களுக்குப் பிந்தித்தான் வந்தது.

2023 யூலையில் அஸ்வெசும தொடங்கியது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா. 2025இல் 17,500 ஆக்கினார்கள். கூடியது உண்மை, நல்லது. ஆனால் 2022 செப்ரெம்பரில் பொருட்களின் விலை அதற்கு முந்திய வருடத்தைவிட 70 சதவீதமளவு ஏறியிருந்ததையும் மறக்க வேண்டாம். எவ்வளவு கூட்டினார்கள் என்று கேட்கும்போதே, விலை ஏறினால் இதுவும் ஏறுமா என்றும் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியின் கதை கொஞ்சம் வேறு. 1951இல் கட்டணத்தை நீக்கினார்கள். 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் போட்டு, 1977இல் அதையும் எடுத்துவிட்டார்கள். கட்டில், டொக்டர், பிள்ளைப்பேறு எல்லாம் காசாக இல்லாமல் சேவையாகவே கிடைப்பதால் விலைவாசி அதை நேரே தின்னவில்லை. பல பத்தாண்டுகளாக நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 2 சதவீதத்துக்குள் செலவழித்தே தாய்மார் மரணத்தை இவ்வளவு குறைத்திருக்கிறோம். மருத்துவமாதுக்கள் வீடுவீடாக நடந்த நடைக்குத்தான் அதில் பெரிய பங்கு என்பேன்.

இப்போது எங்கள் வருத்தங்கள் மாறிவிட்டன. நீரிழிவு, பிரஷர் என்று ஆயுள் முழுக்க மருந்து வேண்டும். அது ஆஸ்பத்திரியில் முடிந்தால் "வெளியில வாங்குங்கோ" என்று துண்டு தருகிறார்கள். இரத்தப் பரிசோதனைக்கும் சில வேளை அப்படித்தான். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியளவை மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுக்கிறார்கள். அறிவிக்காத கட்டணம் இது.

ஒரு கொப்பி வாங்குங்கள். வெளியில் வாங்கிய மருந்து, அதன் விலை, திகதி. பக்கத்திலே அந்த மாதத்து அரிசி விலை. ஆறு மாதம் கழித்துச் சங்கத்தில் எல்லோருடைய கொப்பிகளையும் சேர்த்துக் கூட்டுங்கள். பிரதேச செயலகத்துக்கு மனு எழுதும்போது அந்த இலக்கங்களை முதல் பந்தியிலேயே போடலாம்.